பழைய மடிக்கணினிக்குப் புதிய வட்டு: பொருத்தம் என்பது யாது?

ஒரு பொருள் மற்றொன்றோடு பொருந்தும் என்று கூறுங்கால் நாம் பெரும்பாலும் உருவத்தையே கருதுகின்றோம். சாவி பூட்டினுள் நுழைந்துவிட்டாற் பொருந்தியது என்கின்றோம். நுழைந்த சாவியெல்லாம் பூட்டைத் திறப்பதில்லை என்பதோ யாவரும் அறிந்ததே. பழைய மடிக்கணினியின் வன்வட்டையும், குறுந்தட்டுக்களைப் படிக்கும் ஒளித்தட்டு இயக்கியையும் மாற்றப் புகுவோர் முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டுவது இதுவேயாம். கடைக்காரர் ஒரு வட்டை எடுத்து, இயந்திரத்தின் அடியில் உள்ள குழியில் வைத்துப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்பார். அவர் சொல்லுவது உருவப் பொருத்தம் ஒன்றே. அதன் பின்னும் மூன்று பொருத்தங்கள் பார்க்கவேண்டியிருக்கின்றன. இணைப்பான் பொருந்தவேண்டும், இரண்டும் பேசும் மொழி பொருந்தவேண்டும், வட்டின் அளவை இயந்திரம் எண்ண வல்லதாயிருத்தல் வேண்டும். திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நம்மவர்க்கு நான்கு பொருத்தம் பார்ப்பது மிகையாகாது.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. புதிய மடிக்கணினி வாங்கும் வசதி மாணவர் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. தமையன் பயன்படுத்தியது தம்பிக்கும், அலுவலகங்கள் கழித்தது கடைவழியாக மாணவர்க்கும் வந்து சேர்கின்றது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதனை ஆக்கியோர் வழக்கமான ஆதரவை நிறுத்தினமையால், குற்றமற்ற இயந்திரங்கள் பல பழையன என்று ஒதுக்கப்படலாயின. லினக்ஸ் முதலிய தளங்களை நிறுவி அவற்றை இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றுள் இருக்கும் வன்வட்டோ தேய்ந்தது, மெதுவானது. அதனை மாற்றுவதே இயந்திரத்திற்கு உயிரூட்டும் வழிகளுட் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் ஆகும். தவறான வட்டை வாங்கினால் வீணாவது ஏழை மாணவனுடைய பணம்; தவறாக எண்ணும் இயந்திரத்தில் இட்டால் வீணாவது அவன் ஓராண்டு எழுதிய ஆய்வேடு.

வன்வட்டை மாற்றுவதால் இயந்திரம் விரைவுபடுதல் எங்ஙனம் என்பதை ஒரு கணக்கால் விளக்குவாம். மடிக்கணினிகளில் மிகுதியாகப் பயின்ற வன்வட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. அஃதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவினாடி ஆகின்றது. வேண்டிய இடம் படிக்கும் தலைக்கு நேரே வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று, ஏறத்தாழ 5.6 மில்லிவினாடி, காத்திருத்தல் வேண்டும். அதற்கு முன் அத்தலை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்கு நகர ஏறக்குறைய 12 மில்லிவினாடி செல்லும். இரண்டையும் கூட்டினால் 17 அல்லது 18 மில்லிவினாடியாகும். எனவே சிதறிக்கிடக்கும் செய்திகளைப் படிக்குங்கால் ஒரு வினாடியில் 60 இடங்களைக்கூட அவ்வட்டால் எட்டவியலாது. கணினி விழித்தெழும்போது படிக்கவேண்டிய கோப்புக்களோ பல்லாயிரம். எஸ்.எஸ்.டி. என வழங்கும் திண்மநிலை வட்டில் சுழல்வதும் நகர்வதும் இல்லாமையால், அதே வேலை மில்லிவினாடியின் பத்திலொரு பங்கு அளவில் முடிந்துவிடுகின்றது. வட்டு என்பது அதற்கு மரபு பற்றி வந்த பெயரே. திறந்து பார்த்தால் உள்ளே வட்டமான பொருள் ஒன்றுமில்லை.

இனி உருவப் பொருத்தத்தைக் காண்போம். மடிக்கணினி வட்டுக்களைக் கடைகளில் இரண்டரை அங்குல வட்டு என்பர். இஃது உள்ளே சுழலும் தகட்டின் விட்டத்தை ஒட்டி எழுந்த பெயர். வெளிக்கூடு ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இவ்விரண்டும் மாறுவதில்லை, மாறுவது கனமே. பழைய காலத்தில் 19 மில்லிமீட்டர் கனமுள்ளவையும் இருந்தன, பின்னர் 12.5 ஆகிப் பல்லாண்டுகள் 9.5 மில்லிமீட்டரே பொது வழக்காயிற்று. மெல்லிய இயந்திரங்கள் தோன்றியபின் 7 மில்லிமீட்டர் வந்தது. கனம் குறைந்ததைப் பெரிய குழியில் இடலாம், மேலே 2.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை ஒட்டிவிட்டால் ஆடாது நிற்கும். கனம் மிகுந்ததைச் சிறிய குழியில் இடுதல் இயலாது. சான்றாக, 2011இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்220 என்னும் இயந்திரம் 7 மில்லிமீட்டர் வட்டையே ஏற்கும். அதற்கு மூன்றாண்டு முற்பட்ட எக்ஸ்200 இயந்திரத்திலிருந்து எடுத்த 9.5 மில்லிமீட்டர் வட்டு அதனுள் நுழையாது. இன்றைய இரண்டரை அங்குலத் திண்மநிலை வட்டுக்கள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டரே ஆகலின், இவ்வகையில் இடர் குறைவு. மிகச் சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில் 1.8 அங்குல வட்டு உண்டு. அதற்கு ஏற்ற மாற்று கிடைப்பது அரிது என்பதை வாங்குமுன்னரே அறிந்துகொள்வது நன்று.

உருவத்திற்கு அடுத்தது இணைப்பான். இதனைக் கண்ணாற் பார்த்தே அறியலாம். பழைய வகை ஐ.டி.இ. என்றும், பிற்காலத்தில் பாட்டா என்றும் பெயர் பெற்றது. மடிக்கணினி வட்டில் அதற்கு இரண்டு வரிசையாக 44 ஊசிகள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும். பக்கத்தில் சற்று விலகி மேலும் நான்கு ஊசிகள் காணப்படும். மேசைக்கணினியின் 40 ஊசிகளோடு மின்சாரத்திற்குரியவையும் சேர்ந்து 44 ஆயின என்க. புதிய வகை சாட்டா. 2003இல் விதிகள் வெளியாகிய இவ்வகையில் ஊசிகள் இல்லை. எல் என்னும் ஆங்கில எழுத்துப்போல் வளைந்த இரண்டு தட்டையான நாக்குகள் இருக்கும். சிறியதில் செய்திக்கு 7 தொடுமுனைகளும், பெரியதில் மின்சாரத்திற்கு 15 தொடுமுனைகளும் உண்டு. ஒன்றை மற்றொன்றிற் செருக முடியாது. முயன்றால் ஊசிகள் வளையும்.

ஐ.டி.இ. வகை இயந்திரம் உடையார்க்கு ஒரு வருத்தம் உண்டு. இரண்டரை அங்குல ஐ.டி.இ. வன்வட்டுக்கள் 320 ஜிகாபைட்டோடு நின்றுவிட்டன. இன்று கடையிற் கிடைப்பவை பெரும்பாலும் பிறர் பயன்படுத்தியவையே. பயன்படுத்திய வன்வட்டை வாங்குவதைக்காட்டிலும், எம்-சாட்டா எனப்படும் சிறிய திண்மநிலைப் பலகையை 44 ஊசி இணைப்பானாக மாற்றித் தரும் கூட்டில் இட்டுப் பயன்படுத்துவது மேல். அக்கூடு இரண்டரை அங்குல வட்டின் வடிவிலேயே செய்யப்படுகின்றது. கனத்தை மட்டும் அளந்து வாங்குக.

நிற்க. மொழிப் பொருத்தமே நம் பாடத்தின் நடுநாயகமாயது. இதனை ஓர் உண்மை இயந்திரத்தின் வரலாற்றால் விளக்குதல் தெளிவுதரும்.

2005இல் வெளிவந்த ஐ.பி.எம். திங்க்பேட் டி43 என்னும் மடிக்கணினியில் 44 ஊசி ஐ.டி.இ. வன்வட்டு இருக்கின்றது. ஆதலின் எந்த 44 ஊசி வட்டையும் அதில் இடலாம் என்று கருதுவது இயல்பு. ஆனால் அதன் தாய்ப்பலகையில் உள்ள இன்டெல் கட்டுப்பாட்டுச் சில்லு வன்வட்டுக்கென்று அளித்தது சாட்டா வழியேயாம். அக்காலத்தில் மடிக்கணினிக்குரிய சாட்டா வன்வட்டுக்கள் பரவவில்லை. ஆகவே பொறிஞர் இடையே ஒரு மொழிபெயர்ப்புச் சில்லை வைத்தனர். சில்லு சாட்டா மொழியிற் பேசும், வட்டு ஐ.டி.இ. மொழியில் விடையிறுக்கும், நடுவில் உள்ளது இரண்டையும் பெயர்த்துச் சொல்லும். இந்தத் துபாஷியோடு எல்லா வட்டுக்களும் ஒத்துப்போகா என்று அஞ்சியமையால், பயாஸ் எனப்படும் முதல் விழிப்பு நிரலில் ஒரு சோதனையும் சேர்த்தனர். வட்டினுள் உறைந்திருக்கும் ஃபர்ம்வேர் என்னும் நிரல் அவர்கள் ஒப்புக்கொண்டதாக இல்லையேல், ஒவ்வொரு முறை இயந்திரத்தை எழுப்பும்போதும் 2010 என்னும் எண்ணோடு எச்சரிக்கை ஒன்று திரையில் தோன்றும். ஒரு விசையை அழுத்தினால்தான் மேலே செல்லும். உருவம் பொருந்திற்று, இணைப்பானும் பொருந்திற்று, ஆயினும் இயந்திரம் முகஞ்சுளிக்கின்றது. அவ்வெச்சரிக்கையைக் கடந்தபின் பல வட்டுக்கள் ஒழுங்காகவே இயங்குகின்றன என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் காரணம் அறியாதவர் நல்ல வட்டைக் கெட்டதென்று திருப்பிக்கொடுப்பர்.

அதே ஆண்டு மே மாதத்தில் ஐ.பி.எம்.மின் கணினிப் பிரிவு லெனோவோவின் கைக்குச் சென்றது. 2006இல் வந்த டி60 இயந்திரத்தில் வன்வட்டுக்கு நேராகவே சாட்டா இணைப்பான் அமைந்தது. இங்கே மற்றொரு நுட்பம் காண்க. அவ்வியந்திரத்தின் ஒளித்தட்டு இயக்கி இன்னும் ஐ.டி.இ. மொழியிலேயே நின்றது. ஒரே உடலில் இரு மொழிகள்! அடுத்த ஆண்டின் டி61 இயந்திரத்திலும் இந்நிலையே. 2008இன் டி400 இயந்திரத்திலேதான் இரண்டும் சாட்டாவாயின. ஆகவே "என் கணினி சாட்டா வகை" என்று கடையிற் சொல்லி, டி60 இயந்திரத்திற்குச் சாட்டா டி.வி.டி. இயக்கியை வாங்கி வருபவர் ஏமாற்றமடைவர். வன்வட்டைப் பார்த்து ஒளித்தட்டு இயக்கியின் வகையை ஊகித்தல் 2005 முதல் 2008 வரை வந்த இயந்திரங்களிற் சிறிதும் தகாது. இரண்டையும் தனித்தனியே கழற்றிப் பார்த்தலே முறை.

சாட்டாவிற்குள்ளும் மூன்று படிகள் உள்ளன. முதற்படி வினாடிக்கு 1.5 ஜிகாபிட், இரண்டாவது 3, மூன்றாவது 6. எட்டுப் பிட் கொண்ட ஒரு பைட்டை அனுப்பப் பத்துப் பிட் செலவிடுவது இவற்றின் முறை. ஆதலால் முதற்படியில் வினாடிக்கு 150 மெகாபைட்டும், இரண்டாவதில் 300உம், மூன்றாவதில் 600உம் மேலெல்லையாகும். புதிய வட்டைப் பழைய இயந்திரத்தில் இட்டால் இரண்டும் பேசிக்கொண்டு தாழ்ந்த படியில் உடன்படும் என்பது விதி. பெரும்பாலும் அவ்வாறே நிகழ்கின்றது. மிகப் பழைய சில்லுக்கள் சில இவ்வுடன்பாட்டில் தடுமாறுவதும் உண்டாகலின், திருப்பிக்கொடுக்கும் உரிமையோடு வாங்குதல் நலம். டி61 இயந்திரத்திலோ சில்லுக்கு 3 ஜிகாபிட் வன்மை இருந்தும் பயாஸ் அதனை 1.5க்குள் அடக்கி வைத்தது. இதனைக் கேட்டு மனந்தளர வேண்டா. முன் சொன்ன கணக்கின்படி திண்மநிலை வட்டின் பெரும்பயன் காத்திருக்கும் நேரம் குறைதலில் உள்ளது. குழாய் சிறுத்தாலும் அப்பயன் குன்றாது. 1.5 ஜிகாபிட் இயந்திரத்திலும் மாற்றம் கண்கூடாகத் தெரியும்.

மொழியைப் பற்றி இன்னும் ஒன்று. சாட்டா வட்டைப் பழைய ஐ.டி.இ. வட்டுப்போல நடிக்கச் செய்தல், அல்லது அதன் சொந்த முறையாகிய ஏ.எச்.சி.ஐ. முறையில் இயக்குதல் என இரு வழிகள் பயாஸில் இருக்கும. விண்டோஸ் எக்ஸ்.பி. தளத்தில் ஏ.எச்.சி.ஐ.க்குரிய டிரைவர் உடன் வருவதில்லை. அத்தளம் இருக்கும் இயந்திரத்தில் இம்முறையை மாற்றிவிட்டால், நீலத்திரையில் 7பி என முடியும் பிழையெண்ணைக் காட்டி நின்றுவிடும். வட்டு பழுதாயிற்று என்று அஞ்சற்க. பயாஸில் முறையைப் பழையபடி வைத்தால் எழுந்துவிடும். திண்மநிலை வட்டில் புதிய தளம் ஒன்றை நிறுவுவோர், நிறுவுவதற்கு முன்னரே ஏ.எச்.சி.ஐ. முறையைத் தேர்ந்துகொள்ளவேண்டும். அழிந்த கோப்புக்களின் இடத்தை வட்டுக்கு அறிவிக்கும் டிரிம் என்னும் கட்டளை அம்முறையிற் செவ்வையாகச் செல்லும். விண்டோஸில் அக்கட்டளை 2009இல் வந்த 7ஆம் பதிப்பு முதல் உள்ளது.

நான்காவதாகிய எண்ணிக்கைப் பொருத்தமே பேரிழப்பை விளைக்க வல்லது. வட்டில் எழுதும் இடம் செக்டர் என்னும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 512 பைட் கொள்ளும்படி நெடுங்காலம் அமைந்திருந்தது. பழைய பயாஸ் 1,024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர் என்ற அளவிலேயே எண்ண வல்லதாயிருந்தது. இவற்றைப் பெருக்கி 512ஆலும் பெருக்கினால் 52,84,82,304 பைட் வரும். 528 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டு 1990க்களின் தொடக்கத்து இயந்திரங்களில் முழுமையும் தெரியாமைக்குக் காரணம் இதுவே. பின்னர்ச் செக்டர்களைச் சுழி முதலாகத் தொடர்ந்து எண்ணும் முறை வந்தது. அவ்வெண்ணுக்கு 28 பிட் ஒதுக்கினர். இரண்டின் 28ஆம் அடுக்கு 26,84,35,456. இதனை 512ஆற் பெருக்க 1,37,43,89,53,472 பைட், அஃதாவது 137 ஜிகாபைட் ஆகும். இதுவே பிற்காலத்துப் பலரை வருத்திய எல்லை.

இவ்வெல்லையைக் கடந்தால் என்ன நேரும்? விடுதி ஒன்றில் அறையெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே படிக்கத் தெரிந்த தபாற்காரர் ஒருவர் இருப்பதாகக் கொள்க. 105ஆம் அறைக்கு வந்த கடிதத்தை அவர் 5ஆம் அறையில் இட்டுவிடுவார். 28 பிட்டுக்கு மேல் எண்ணத் தெரியாத தளமும் அவ்வாறே, எல்லைக்கு அப்பால் எழுதவேண்டியதை வட்டின் தொடக்கத்தில் எழுதிவிடக்கூடும். தொடக்கத்தில் இருப்பவையோ கோப்புக்களின் அட்டவணையும் இயந்திரத்தை எழுப்பும் நிரலும். முதல் 137 ஜிகாபைட் நிறையும்வரை ஒரு குறையும் தோன்றாது. பல மாதம் கழித்து ஒருநாள் எல்லாம் ஒருங்கே அழியும். இதுபற்றியே 48 பிட் எண்ணும் முறை ஏற்படுத்தப்பட்டது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. முதலில் இம்முறையை அறியாதிருந்து, 2002இல் வெளியான முதல் சேவைத்தொகுப்போடு அறிந்துகொண்டது. இயந்திரத்தின் பயாஸும் அறிந்திருத்தல் வேண்டும். 2002க்கு முற்பட்ட மடிக்கணினி உடையார் 120 ஜிகாபைட்டுக்கு உட்பட்ட வட்டையே இடுவது அச்சமற்ற வழி. பிற்பட்ட இயந்திரங்களிற் பெரும்பாலும் இத்தொல்லை இல்லை.

இதற்கும் மேல், எம்.பி.ஆர். என்னும் பழைய பாகுபாட்டு முறையில் 32 பிட் எண்ணே உண்டாகையால் 2.2 டெராபைட் என்ற எல்லையும் உள்ளது. மடிக்கணினியில் அதனை எட்டுவது அருமை. 4 டெராபைட் கொள்ளும் இரண்டரை அங்குல வன்வட்டு 15 மில்லிமீட்டர் கனமுள்ளதாகலின், எண்ணிக்கை தடுக்குமுன் உருவமே தடுத்துவிடும்!

புதிய வன்வட்டுக்களில் உள்ளே ஒரு செக்டருக்கு 4,096 பைட், அஃதாவது பழைய செக்டர் எட்டு அடங்கும். எக்ஸ்.பி. தளம் தன் முதற்பாகத்தை 63ஆம் செக்டரிலிருந்து தொடங்கும் வழக்கமுடையது. 63 எட்டால் வகுபடாது. ஆகவே ஒவ்வொரு துண்டும் இரண்டு பெரிய செக்டர்களின்மேற் குறுக்கே கிடந்து, ஒன்றை எழுத இரண்டைத் திருத்தவேண்டியதாகின்றது. விஸ்டாவும் அதன் பின்வந்தவையும் 2,048இல் தொடங்குவதால் இக்குறை நீங்கிற்று. பழைய வட்டைப் படியெடுத்துப் புதியதில் இடுவோர் இத்தொடக்க எண்ணைச் சரிபார்க்கவேண்டும்.

இனி ஒளித்தட்டு இயக்கி. இந்நாளில் இதன் தேவை என்ன என்று கேட்பர். நூலகத்தில் ஆய்வேடுகளோடு ஒட்டிவைத்த குறுந்தட்டுக்களையும், பழைய பாடநூல்களின் பின்னட்டைத் தட்டுக்களையும், வீட்டிலுள்ள திருமணத் தட்டுக்களையும் படிக்க வேறு வழியில்லை. தட்டுக்களும் காலப்போக்கில் மங்குவன. படிக்கக் கூடியபோதே படியெடுத்து வைத்தல் வேண்டும். சி.டி.க்கு 780, டி.வி.டி.க்கு 650, புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி வேண்டும். ஆதலின் மேல்வகைத் தட்டைக் கீழ்வகை இயக்கி படிக்காது. டி.வி.டி. இயக்கியொன்றில் திரைப்படத் தட்டின் வட்டார எண்ணை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம். இந்தியாவின் எண் 5. விளையாட்டாக மாற்றிக்கொண்டே போனால் கடைசி எண்ணிலேயே நின்றுவிடும்.

இதிலும் உருவம் என்பது கனமே. 12.7, 9.5 மில்லிமீட்டர் என இரு வகை பரவலாக உள்ளன. ஒரே வரிசையில் அடுத்தடுத்து வந்த இயந்திரங்களிலும் இது மாறும்: டி400 இயந்திரத்தில் 9.5, அடுத்து வந்த டி410இல் 12.7. ஐ.டி.இ. வகை இயக்கியின் பின்புறத்தில் 50 முனைகள் கொண்ட இணைப்பான் இருக்கும். சாட்டா வகையில் செய்திக்கு 7, மின்சாரத்திற்கு 6. வன்வட்டின் சாட்டா மின்வாய் 15 முனை உடையதென்று முன்னர்க் கூறினோம்; ஆகவே செய்தி நாக்கு ஒன்றுபோல் இருந்தும், வன்வட்டை இயக்கியின் இடத்தில் நேராகச் செருக இயலாது.

ஐ.டி.இ. இயக்கியில் ஒரு மறைவான சிக்கல் உண்டு. ஒரே வழியில் இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்று தலைவன், மற்றொன்று துணைவன் என்று முறை வகுக்கவேண்டும். வன்வட்டில் பக்கத்து நான்கு ஊசிகள் இதற்கே அமைந்தவை. ஒளித்தட்டு இயக்கியில் அத்தகைய ஊசிகள் இல்லை. 50 முனைகளுள் 47ஆவதன் வழியாக இயந்திரம் முறையை அறிவிக்கும், அல்லது இயக்கியின் ஃபர்ம்வேரிலேயே அஃது உறைந்திருக்கும். வன்வட்டோடு ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்ளும் இயந்திரத்தில், தலைவன் என்று உறைந்த இயக்கியைச் செருகினால் இரு தலைவர்கள் மோதுவர். இயந்திரம் ஒருவரையும் அறியாது நிற்கும். ஆதலின் பழைய இயக்கியின் முதுகில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணையே கடையிற் காட்டிக் கேட்டல் நலம். முகப்புப் பட்டையும் பின்புறத் தகரமும் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். அவற்றைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ளலாம்.

ஒளித்தட்டு வேண்டா என்பார், அவ்விடத்தில் இரண்டாம் வட்டைப் பொருத்த ஒரு கூடு கிடைக்கின்றது. கடைக்காரர் இதனைக் 'கேடி' என்பர். பெயர் கேட்டு அஞ்சற்க. 9.5, 12.7 என்னும் கனமும், ஐ.டி.இ., சாட்டா என்னும் வகையும் இதற்கும் பார்க்கவேண்டும். திண்மநிலை வட்டை வன்வட்டின் பழைய குழியிலும், சுழலும் வட்டைக் கேடியிலும் இடுவதையே யாம் பொதுவிற் பரிந்துரைப்போம். சில இயந்திரங்களில் முதற்குழியின் வழி விரைவு மிக்கது. டி420 இயந்திரத்தில் முதற்குழிக்கு 6 ஜிகாபிட்டும், இயக்கியின் குழிக்கு 3 ஜிகாபிட்டும் அமைந்துள்ளன. ஆயினும் பையிலிட்டு மிதிவண்டியிற் கொண்டுசெல்வோர் சுழலும் வட்டைக் கேடியில் வைப்பதற்குமுன் ஆராய்தல் வேண்டும். முதற்குழியில் அதிர்ச்சி தாங்கும் ரப்பர்க் கட்டைகள் இருக்கும், கேடியிற் பெரும்பாலும் இரா. கழற்றிய ஒளித்தட்டு இயக்கிக்கு யு.எஸ்.பி. உறை வாங்கிக்கொண்டால் அது வீணாகாது. பழைய யு.எஸ்.பி. வாய் 500 மில்லியாம்பியரே தரக் கடமைப்பட்டது. இயக்கிக்கு அது போதாமற்போகலாம் என்பதனால் சில உறைகளின் கம்பியில் இரண்டு தலைகள் இருக்கும். இரண்டையும் செருகுக.

எம்.2 என்னும் நீண்ட பலகை வடிவ வட்டுக்களைப் பற்றியும் சுருங்கச் சொல்லுவாம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பது பொருள். ஒரே வடிவப் பலகையில் சாட்டா மொழி பேசுவதும் என்.வி.எம்.இ. மொழி பேசுவதும் உண்டு. ஒன்றை மட்டுமே அறியும் வாய்கள் பல. நம் பாடத்தின் தொடக்கத்திற் சொன்ன சாவியும் பூட்டும் இங்கே மீண்டும் வருகின்றன.

மாற்றும் வேலையைத் தொடங்குமுன் இயந்திரத்தின் அடியிலுள்ள முழு மாதிரி எண்ணையும் குறித்துக்கொண்டு, அதன் பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் படிக்கவேண்டும். புகழ்பெற்ற நிறுவனங்கள் பல அதனை இலவசமாகவே வெளியிட்டிருக்கின்றன. பழைய வட்டுக்குக் கடவுச்சொல் இட்டிருந்தால் கழற்றுமுன் நீக்கிவிடுக; வேறிடத்தில் அது திறவாது போகலாம். மின்கம்பியைப் பிடுங்கி, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதனையும் எடுத்துவிட்டு, உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கியபின் திருகாணியிற் கைவைக்கவேண்டும். திருகாணிகள் நீளத்தில் வேறுபடுவன. எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்று ஒரு தாளில் இயந்திரத்தின் படம் வரைந்து அதன்மேல் ஒட்டிவைப்பது எளிய உபாயம். நீளமானதைக் குட்டைத் துளையில் முடுக்கினால் பலகை துளைபடும்.

புதிய வட்டைப் பொருத்தியவுடன் தளத்தை நிறுவ விரையாமல், முதலிற் பயாஸினுட் புகுந்து வட்டின் பெயரும் முழு அளவும் தெரிகின்றனவா என்று பார்க்க. பெயர் தெரிந்து அளவு குறைந்து தோன்றினால் எண்ணிக்கைப் பொருத்தம் இல்லை. பெயரே தெரியாவிடின் இணைப்பானை மீண்டும் அழுத்திப் பார்த்து, அதன்பின் மொழிப் பொருத்தத்தை ஐயுறுக. எல்லாம் செவ்வனே இயங்கத் தொடங்கியபின்னும் பழைய வட்டை உடனே அழித்தலாகாது. அதனை ஒரு யு.எஸ்.பி. உறையிலிட்டு ஒரு மாதமேனும் வைத்திருந்தால், படியெடுக்க மறந்த கோப்பு ஒன்று தேவைப்படுங்கால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 44 ஊசி வட்டுக்கும் சாட்டா வட்டுக்கும் உறைகள் வெவ்வேறு.